பங்களா டீச்சரின் மூன்று தட்டு

பங்களா டீச்சர் பொய் சொல்ல மாட்டார். இதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வதா, ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்வதா என்பது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் கடைசிவரை முடிவாகவில்லை.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன முதல் வாரம், பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே என்று ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். "அடி பிடிச்சிருக்கும்மா," என்றார். "பரவால்ல, சாப்பிடறேன். ஆனா நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது." எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழக்கூடச் செய்தேன். அப்புறம் பாயசப் பாத்திரத்தை முகர்ந்து பார்த்தேன். தீய்ந்த வாடை அப்படியே இருந்தது.

இன்னொரு சமயம், அவருடைய சர்ச்சில் பழக்கமான ஒரு அம்மா தன் பெண்ணுக்கு எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தார். தெருவில் அத்தனை பேரும் தங்கமான பையன் என்றார்கள். கடைசியாக டீச்சரிடம் வந்தார். "குடிப்பான்," என்றார் டீச்சர். "சனிக்கிழமை மட்டும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்து மன்னிப்பு கேட்டுக்குவான்." கல்யாணம் நின்றுபோனது. பையனின் அம்மா அதற்கப்புறம் டீச்சரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். டீச்சர் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்கும் கேக் கொண்டுபோவார். கதவைத் திறக்க மாட்டார்கள். வாசல்படியில் வைத்துவிட்டு வருவார்.

"ஏன் டீச்சர் உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன். கேக்காம இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே," என்றார்.

அதுதான் அவருடைய சட்டம். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்கலாம். பேசி முடித்ததும் இரண்டு கைகளையும் தட்டி உதறிக்கொள்வார், முப்பது வருஷ சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருக்கிற மாதிரி. ஒல்லியான உடம்பு, தோளில் ஊக்கு குத்திய காட்டன் புடவை, மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய ஆம்பளை வாட்ச். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தே காலத்தை ஓட்டியவர். அங்கே பென்ஷன் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்.

பங்களா அவருடையது இல்லை. அதன் பின்கட்டில், ஒரு காலத்தில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிவிட்ட இரண்டு அறைகளில் அவர் இருந்தார். பங்களாவைக் கட்டியது ரயில்வேயில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை. டீச்சரின் அப்பா அந்தத் துரைக்கு டிரைவர். சுதந்திரம் வந்து துரை ஊருக்குக் கிளம்பும்போது, இந்த ஊரின் பழைய நிலக்காரர் ஒருவர் வீட்டை வாங்கினார். டிரைவர் குடும்பத்தை அவர் கிளப்பவில்லை. பின்னால் டீச்சர் தனியாளாக நின்றபோதும், "நீ இருக்கிற வரைக்கும் இரும்மா," என்று சொல்லிவிட்டார். வாய்வார்த்தைதான். காகிதம் எதுவும் கிடையாது. நாங்கள் போனபோது அந்தப் பெரியவர் இல்லை. வீடு அவருடைய மகன் கையில் இருந்தது, பூட்டிக் கிடந்தது.

பூட்டிக் கிடக்கிற வீட்டை ஜனங்கள் சும்மா விடுவார்களா? பேயைக் குடிவைத்துவிட்டார்கள். அதிலும் ஆளுக்கு ஒரு பேய். மளிகைக் கடைக்காரர் கணக்குப்படி துரைசானி மாடி ஹாலில் தூக்குப் போட்டுக்கொண்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் தூக்கு இல்லை, தீ. சர்ச் ஆட்கள் அது துரைசானியே இல்லை, அங்கே தங்கியிருந்த ஒரு கன்னியாஸ்திரி என்பார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்கா, துரைசானி பியானோ வாசிப்பதைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தாள். அந்த வீட்டில் பியானோவே இருந்ததில்லை என்று டீச்சர் சொன்னார்.

"அந்தம்மா தூக்கும் போடல, தீயும் வெச்சுக்கல. ஊருக்குப் போய் நல்லா குண்டாகி, எண்பது வயசுக்கு மேல செத்துப்போச்சு. எங்கப்பாவுக்கு வருஷா வருஷம் கார்டு போடும். இந்த வீட்டுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான் பொறந்ததே இங்கதான்."

இதை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை. டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். துரைசானி டீச்சரைக் குழந்தையிலிருந்து பார்த்தவளாம், அவர் கண்ணுக்கு மட்டும் தட்டுப்பட மாட்டாளாம். பாவம் டீச்சர், அவங்களுக்கே தெரியாது என்றார்கள்.

அந்த வீட்டில் சத்தம் கேட்டது மட்டும் உண்மை. வீட்டை விலைக்குப் பார்க்க யாராவது வந்து மாடி ஹாலில் நின்றால் கேட்கும். ஒரு தட்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு தட்டு. எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி நாலு பக்கமும் கேட்கும். பட்டப்பகலில்தான். வந்தவர்கள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குவதை எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். நான் அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. கணவருக்கு நாவலூரில் ஆபீஸ். காலை போனால் ராத்திரிதான் வருவார். நாள் முழுக்க எனக்குத் துணை அந்த டாக்டர்களின் குரலும், விமானப்படை விமானங்கள் வட்டம் அடிக்கிற இரைச்சலும்தான். கேட்பதே என் பிழைப்பு. ஒரு டாக்டர் மருந்தின் பெயரைப் பாதியில் விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பங்களா வாசலில் கார் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தால், பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் டீச்சர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கையில் இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கை. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்க அந்தக் காலத்தில் சுவருக்குள் புதைத்த இரும்புக் குழாய் அந்த இடத்தில்தான் வெளியே வரும். வாட்சைப் பார்த்துக்கொண்டார். ஆட்கள் மாடி ஏறியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, குழாயில் ஒரு தட்டு. அப்புறம் இரண்டு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழே ஓடினேன். வந்தவர்கள் பொழிச்சலூர்க்காரர்கள், கணவனும் மனைவியும், வெளுத்த முகத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அந்த அம்மா என்னைக் கேட்டாள்: "ஏம்மா, இந்த வூட்ல இன்னாமோ கீதுன்றாங்களே, நெஜமா?"

"எங்க வீட்டுக்கே கேக்கும்கா," என்றேன். "வெள்ளைக்காரம்மா அழும்."

அவர்கள் போனதும் டீச்சர் நேராக என் வீட்டுக்கு வந்தார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அழும்னு ஏன் சொன்ன? யார் அழுதா?"

"உங்களுக்காகத்தானே டீச்சர் சொன்னேன்! தட்டுனது நீங்க."

"தட்டுனேன். பேய் தட்டுதுன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா? குழாய்ல தட்டறது பாவம்னு எங்க எழுதியிருக்கு? எனக்காக நீ பொய் சொல்லாதம்மா. அது எனக்கு வேணாம்."

சிரித்துக்கொண்டே, "சரி, யாராவது நேரா கேட்டா என்ன பண்ணுவீங்க, தட்டறது நீங்களான்னு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கேட்டா சொல்லித்தானே ஆகணும்," என்றார். கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. வீடு விலைபோனால் இடித்துவிடுவார்கள். டீச்சருக்குப் போக்கிடம் இல்லை. அவர் தலைக்கு மேலே இருந்த கூரை அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் நின்றுகொண்டிருந்தது. பேயைப் பற்றி அவரிடம் நூறு பேர் கேட்டிருப்பார்கள். தட்டுவது நீங்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதியோர் இல்லம் ஒன்றை அவர் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். சபை நடத்துகிற இல்லம்தான், சுத்தமாக இருக்கிறது, சாப்பாடும் மோசமில்லை என்றார். பின்னே என்ன டீச்சர் என்றேன். "அங்க எல்லாரையும் பாட்டின்னு கூப்பிடறாங்கம்மா. பேர் இல்ல, ஒண்ணும் இல்ல. பாட்டி சாப்பிடுங்க, பாட்டி தூங்குங்க. நான் டீச்சராவே செத்துப்போகணும்." அவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

கேள்வி நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் முருங்கைக்காய் கொடுக்கப் போயிருந்தேன். டீச்சர் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பங்களாவை வாங்கிய பெரியவரின் மகன், இப்போதைய வீட்டுக்காரர், வந்தார். ஐம்பது வயது இருக்கும், இரும்புக் கம்பி, சிமெண்ட் வியாபாரம். டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். அவர் எதிரில் உட்காரக் கூச்சப்பட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. மேல தட்டுற சத்தம் கேக்குதுன்னு வர்றவனெல்லாம் ஓடிர்றான். அது நீங்களா?"

"அண்ணா, அது குழாய்ல காத்து..." என்று நான் அவசரமாக ஆரம்பித்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நான்தான்டா," என்றார்.

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏன் டீச்சர்?"

"வித்துட்டா நான் எங்க போவேன்?"

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா உங்களுக்குச் சொன்னது எனக்கும் தெரியும் டீச்சர். நான் ஒண்டியா இருந்தா வுட்ருவேன். தங்கச்சிங்க ரெண்டு பேரும் பங்கு கேட்டுக்கினு கீறாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ என்ன பண்ணுவ," என்றார் டீச்சரும். "சரி. இனிமே தட்ட மாட்டேன்."

அவர் அப்படி ஒரு வாக்கு கேட்கவே இல்லை. டீச்சரே தானாகக் கொடுத்தார். பொங்கல் வரைக்கும் இருங்கள், அதற்குள் ஏதாவது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். "நான் கேட்டிருக்கவே கூடாது மேடம்," என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு தரம் ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சத்தம் இல்லை. டீச்சர் டியூஷனை நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை, 'இல்லை' என்கிற ஒரு வார்த்தை, அதைச் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அந்தக் கோபத்தில் சில நாள் அவர் வீட்டுப் பக்கம் போகாமல்கூட இருந்தேன்.

டிசம்பரில் ஒரு மத்தியானம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். நான் ஒரு பெரிய ஃபைலை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். தட்டும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு வந்தேன். பங்களா வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. எனக்கு உள்ளே குதூகலமாகிவிட்டது. ஆகா, டீச்சரும் மனுஷிதானே! வாக்காவது ஒண்ணாவது, கூரை போகிறது என்றதும் உலக்கையை எடுத்துவிட்டார் பார் என்று நினைத்தேன். கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. இன்னிக்கு யாரோ மாட்டிக்கிட்டான்." அவரும் சிரித்தார்.

அந்தத் தட்டு வழக்கமான தட்டு இல்லை. ஒன்று, அப்புறம் இரண்டு என்று வரவில்லை. நாலு, ஐந்து என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரியாமல் போய்விட்டது என்று நான் சொல்ல முடியாது, என் காது அப்படி. டீச்சர் இன்றைக்கு ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்று எனக்கு நானே ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஃபைலைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் டீ போடும்போது லேசாக இன்னும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் காலை பால் பாக்கெட் போடுகிறவர் கத்தினார். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பாசி வழுக்கி டீச்சர் முந்தின நாள் மத்தியானமே விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. கூப்பிட்ட குரல் காம்பவுண்டைத் தாண்டவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது அந்த உலக்கையும் குழாயும்தான். வாசலில் நின்ற வெள்ளைக் கார் எதிரில் இருந்த பல் டாக்டரிடம் வந்த யாருடையதோ. தெருவில் பாதிப் பேருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. துரைசானி என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அவர்களுக்கு அது பேய். எனக்கு அது டீச்சர் என்று தெரியும். இனிமேல் தட்ட மாட்டேன் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டவளும் நான்தான். பொய்யே சொல்லாத மனுஷி அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டதாக நம்பி, அதில் சந்தோஷமும் பட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. 'முதியவர், கீழே விழுந்து நீண்ட நேரம் தரையில் கிடந்தவர்' என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ பேருக்காக டைப் அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்னென்ன வாக்கியங்கள் வரும் என்றும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தட்டுனேனே. உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"இல்ல டீச்சர்," என்றேன். "ஹெட்போன் போட்டிருந்தேன்."

"அதான் பார்த்தேன்," என்றார். "கேட்டிருந்தா நீ வந்திருப்ப." கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய் வராண்டாவில் நின்று அழுதேன். ஆறாம் நாள் டீச்சர் போய்விட்டார். அடக்கத்துக்கு அந்தக் கல்யாணம் நின்றுபோன பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள்.

வருஷங்கள் ஆகிவிட்டன. பங்களாவை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். நாங்களும் மாடம்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். போன மாதம் இங்கே சிவன் கோயில் வாசலில் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"நல்லா கீறீங்களா மேடம்? உங்களுக்குச் சேதி தெரியுமா? ஃபிளாட்ல தட்டுற சத்தம் கேக்குதாம். டீச்சர் ஆவின்னு சொல்லிக்கினு பூஜையும் போட்டாங்க, ஜெபமும் வெச்சாங்க. எனக்கு மனசே ஆறல. தட்ட மாட்டேன்னு என்கிட்ட சொன்னவங்க மேடம் அவங்க. செத்தாலும் தட்ட மாட்டாங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணுதான் எனக்கு இன்னும் புரியல. அன்னிக்கு விழுந்து கெடந்தப்ப மத்தியானத்துலேர்ந்து தட்டியிருக்காங்க. தெருவுல இருக்கிறவனுங்க பேய்க்குப் பயந்தவனுங்க, வுடுங்க. நீங்க பக்கத்து வூடு. உங்களுக்குக்கூட கேக்கலையா மேடம்?"

"கேட்டுச்சுண்ணா," என்றேன். "கேட்டுது. நான் போகல."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார். கோயிலுக்குள்ளும் போகவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து திருப்பிக்கொண்டு போய்விட்டார்.